கனவு நாட்டுக்கு அடிக்குறிப்பு

கல்லூரி நூலகத்துக்கு ஆங்கில இலக்கிய மாணவர்கள் கூட்டமாக வருவது இரண்டு பருவங்களில்தான். சினாப்சிஸ் கேட்கும்போது ஒருமுறை, ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முந்தைய வாரம் இன்னொருமுறை. முதல் பருவத்தில் வருகிறவர்கள், “டிஸ்டோப்பியா பத்தி எதாவது இருக்கா சார்?” என்பார்கள். இரண்டாவது பருவத்தில் வருகிறவர்கள், “ரெஃபரன்ஸ் கம்மியா இருக்குன்னு கைடு திருப்பி அனுப்பிட்டார் சார்” என்பார்கள். முதல் கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இரண்டாவது வந்திருக்காது என்பது என் கட்சி.

எனக்குச் சொந்த ஊர் ஓமந்தூர். வேலை திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில். மயிலம், கிளியனூர், மரக்காணம், வானூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பலருக்கு வீட்டில் அவர்கள்தான் முதல் பட்டதாரி. எம்.ஃபில். இருந்த காலத்தில் டயஸ்போரா, பெண்ணியம் என்று ஓடிக்கொண்டிருந்த தலைப்புகள், கொரோனாவுக்குப் பிறகு டிஸ்டோப்பியா பக்கம் திரும்பின. மார்கரெட் அட்வுட், பிரயாக் அக்பரின் ‘லெய்லா’, மஞ்சுளா பத்மநாபனின் ‘எஸ்கேப்’. ‘லெய்லா’ 2019-இல் வெப் சீரீஸாக வந்ததும் ஒரு காரணம். நாவலைப் படிக்கிறவர்களைவிட சீரீஸைப் பார்த்துவிட்டுத் தலைப்பு எடுக்கிறவர்கள் அதிகம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் உள்ளே வந்தால் சரி.

வந்தவர்கள் செய்யும் முதல் காரியம் கூகுள் ஸ்காலரில் ‘டிஸ்டோப்பியா’ என்று தட்டுவது. லட்சக்கணக்கில் வந்து கொட்டும். அதில் மேலே வரும் பத்தை டவுன்லோடு செய்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு, திருப்தியாகப் போய்விடுவார்கள். ஒன்று கணினி அறிவியல் கட்டுரையாக இருக்கும். இன்னொன்று நகர்ப்புறத் திட்டமிடல். மூன்றாவது, ஆர்வெல்லின் கதைச் சுருக்கத்தை நான்கு பக்கத்துக்கு எழுதி, யாரோ காசு கட்டி ஏதோ ஒரு இதழில் போட்டதாக இருக்கும்.

அதனால் என்னிடம் வந்தால் முதலில் தேடுபெட்டியை மூடச் சொல்வேன். இந்தத் துறைக்குள் போக ஒரு வாசல் இருக்கிறது. லைமன் டவர் சார்ஜென்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1994-இல் ‘உட்டோப்பியன் ஸ்டடீஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்: ‘தி த்ரீ ஃபேஸஸ் ஆஃப் உட்டோப்பியனிஸம் ரீவிசிட்டட்’. உலகத்தில் இந்தப் பொருளில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். உட்டோப்பியா என்றால் எது, டிஸ்டோப்பியா என்றால் எது, உட்டோப்பியாவையே கேலி செய்யும் படைப்பை எங்கே வைப்பது, உட்டோப்பியா என்ற எண்ணத்தையே எதிர்க்கும் படைப்பை எங்கே வைப்பது என்று அதில் வரையறுத்திருக்கிறார். நம் ஆய்வேடுகளில் கடைசி இரண்டும் டிஸ்டோப்பியாவோடு ஒரே மூட்டையில் கட்டப்பட்டுக் கிடக்கும். வைவாவில் வெளித்தேர்வாளர் கை வைக்கும் இடமும் அதுதான்.

அந்தக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்பதையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மேலிருந்து கீழே படித்தால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் குறிப்புகளைப் படிக்க வேண்டும். யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்வேன். இப்படி இந்தத் துறையில் நாலைந்து கட்டுரைகளைப் புரட்டினாலே டார்கோ சுவின், ரூத் லெவிடாஸ், டாம் மொய்லன், ஃப்ரெட்ரிக் ஜேம்சன் என்று பெரிய தலைகள் வந்து விழுந்துவிடும். இது பின்னோக்கிப் போகும் வழி. முன்னோக்கிப் போக, கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை யாரெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, ‘அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடு’ என்ற கட்டத்தில் டிக் போட்டு, ‘இந்தியா’ என்று தட்ட வேண்டும். லட்சம் சில நூறாகும். அதற்குள் ‘காஸ்ட்’ என்று தட்டினால் ஒரு சாயங்காலத்தில் பார்த்து முடிக்கிற அளவுக்கு வந்து நிற்கும். தேடுபெட்டியை மறுபடி திறக்க நான் அனுமதிப்பது இந்த இடத்தில்தான்.

சார்ஜென்ட் செய்த இன்னொரு வேலை அதைவிடப் பெரியது. 1516-இல் தாமஸ் மோர் எழுதிய நூலில் தொடங்கி, ஆங்கிலத்தில் வந்த உட்டோப்பியப் படைப்புகளை ஆண்டு வாரியாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். 1979-இல் அச்சு நூலாக வந்தது, வளர்ந்து வளர்ந்து இப்போது பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. ஒரு நூலகராக எனக்கு அவர் எழுதிய கட்டுரைகளைவிட இந்தப் பட்டியல் மேல்தான் மரியாதை.

சார்ஜென்ட் கட்டுரையின் தலைப்பில் வரும் அந்த மூன்று முகங்கள் எவை? கதையாக எழுதப்பட்ட கனவு ஒன்று, பத்துப் பேர் சேர்ந்து வாழ்ந்து பார்த்த கனவு ஒன்று, சமூகத்தைப் பற்றிய கொள்கையாக வைக்கப்பட்ட கனவு ஒன்று. இதைச் சொல்லும்போதெல்லாம் நான் பிள்ளைகளிடம் கேட்பேன், “இதுல எது நம்ம பக்கத்துல இல்ல, சொல்லுங்க பார்ப்போம்?”

வாழ்ந்து பார்த்த கனவுக்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஆரோவில் 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியபோது 50,000 பேர் வாழப்போகும் உலக நகரம் என்றார்கள். இன்று அங்கே சுமார் 3,300 பேர்தான் இருக்கிறார்கள். இதே விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவி, அமெரிக்க உட்டோப்பியக் குடியிருப்புகள் பற்றி ஒரு அத்தியாயம் எழுத வேண்டும் என்று வந்தாள். அவள் முன்னால் ஜெசிகா நமக்கல் 2012-இல் ‘ஜர்னல் ஃபார் தி ஸ்டடி ஆஃப் ராடிகலிஸம்’ இதழில் எழுதிய கட்டுரையைத் திறந்து வைத்தேன். தலைப்பே ‘ஐரோப்பியக் கனவுகள், தமிழ் நிலம்’ என்று தொடங்குகிறது. காலனி ஆட்சி போன பிறகு, தமிழ்க் கிராமங்களுக்கு நடுவில், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு கனவு நகரத்தைக் கட்டுவது என்றால் என்ன என்று கேட்கும் கட்டுரை. “எங்க ஊர்ப் பக்கத்துச் சமாச்சாரத்த இப்படியெல்லாம் எழுதலாமா சார்?” என்றாள். எழுதலாம் என்பது மட்டுமில்லை, எழுதி மதிப்பாய்வு முடிந்து அச்சாகியும் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தையும் படிக்க வேண்டும் என்று, ஆரோவில்லிலேயே வளர்ந்த சூர்யமயி அஸ்வினி கிளாரன்ஸ் ஸ்மித் எழுதிய நூலின் விவரத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஊரைப் பற்றி இரண்டு பார்வை கிடைத்துவிட்டால் இலக்கிய மீளாய்வு அத்தியாயம் தானாக எழுந்து நிற்கும். ஒரே பக்கம் பேசும் பத்துக் கட்டுரைகளை அடுக்கினால் அது வெறும் பட்டியல்.

கதையாக எழுதப்பட்ட கனவுக்கு வருவோம். ரொக்கையா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ ஆங்கிலத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்துச் சமைத்து, ஆகாயத்தில் பறந்து, நாட்டை ஆளும் கதை. வங்காளப் பெண் எழுதியது, அதனால் வங்காளச் சரக்கு என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அது 1905-இல் அச்சானது சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில், ஆங்கிலத்திலேயே. இந்த ஒரு தகவலைப் பிடித்துக்கொண்டால் தேடும் திசையே மாறும். ‘ஃபெமினிஸ்ட் உட்டோப்பியா’ என்று தேடிக்கொண்டிருந்தவர், அந்தக் காலச் சென்னைப் பெண்கள் இதழ்கள் என்று தேடத் தொடங்குவார். டெபோரா லோகன் அந்த இதழைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். பர்ணிதா பாக்சி ரொக்கையாவைப் பதிப்பித்ததோடு, உட்டோப்பியா, டிஸ்டோப்பியா பற்றி 2012-இல் ஒரு கட்டுரைத் தொகுப்பும் கொண்டுவந்தார். படைப்பைத் தேடுவதோடு, அது முதலில் வந்த இதழையும் தேடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தமிழில் பாரதியின் ‘ஞானரதம்’ இருக்கிறது. உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று ரதம் ஒவ்வொன்றாகப் போய் இறங்கும். 1910-இல் நூலாக வந்தபோது பாரதி இருந்தது புதுச்சேரியில், எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். இதை ஆய்வேட்டில் சேர்க்கிறவர்கள் கட்டுரை கிடைக்கவில்லை என்று திரும்பி வருவார்கள். என்ன தட்டினாய் என்று கேட்டால் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் பாரதியின் பெயரை ‘எச்’ ஒன்றைச் சேர்த்தும் எழுதுகிறார்கள், விட்டும் எழுதுகிறார்கள். ‘ஞான’ என்பது ‘ஜி’யிலும் தொடங்கும், ‘ஜே’யிலும் தொடங்கும். எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். குறுக்கு வழி இல்லை.

மூல நூலைப் பொறுத்தவரை அந்தச் சிரமமும் கிடையாது. பாரதியின் படைப்புகள் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம் என்று இன்று இருப்பதற்கு அடித்தளம் 1949-இல் போடப்பட்டது. அந்த மார்ச் மாதம் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தானே வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. அப்போது முதலமைச்சர் எங்கள் ஊர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். அடுத்த மாதமே அவர் பதவியை விட்டு இறங்கிவிட்டார். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் காப்புரிமைப் போராட்டத்தை ஆங்கிலத்தில் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். ஓமந்தூரார் என்றால் சென்னையில் அரசினர் தோட்டமும் மருத்துவமனையும்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு இதுதான் முதலில் நினைவு வரும். நூலகன் புத்தி.

பதவிக்குப் பிறகு ஓமந்தூரார் போய்ச் சேர்ந்த இடம் வடலூர். 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமசாலை இருக்கும் ஊர். சாதி, சமய வேறுபாடு பார்க்காமல் பசித்தவருக்கெல்லாம் சோறு என்பதை நடைமுறையாக்கிய இடம், இன்றும் அங்கே அடுப்பு எரிகிறது. இதுவும் வாழ்ந்து பார்த்த கனவுதான், ஆனால் இதை உட்டோப்பியா என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மதம், காலனியம், பக்தி இயக்கம் என்ற தலைப்புகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ரிச்சர்ட் வைஸ் 2019-இல் வள்ளலாரை மையமாக வைத்து எழுதிய ‘தி எமர்ஜென்ஸ் ஆஃப் மாடர்ன் ஹிந்துயிஸம்’ நூலைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் இலவசமாகவே இணையத்தில் போட்டிருக்கிறது. மாணவர்களுக்குக் காட்டினால் நம்பமாட்டார்கள், பணம் எங்கே கட்ட வேண்டும் என்று கேட்பார்கள்.

கொள்கைக் கனவு என்றால் பெரியாரின் ‘இனிவரும் உலகம்’. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி இருக்கும், பிள்ளைப்பேறுக்கு ஆண் பெண் சேர்க்கை தேவைப்படாது, பணமே தேவையில்லாமல் போகும் என்றெல்லாம் 1940-களில் பேசியவர். பட்டிமன்றத்தில் ‘அன்றே சொன்னார்’ என்று கைதட்டல் வாங்கப் பயன்படும் அளவுக்கு, ஆய்வில் அது பயன்படுவதில்லை. காரணம், தேடுகிறவர் உட்டோப்பியா என்ற ஒரே சாவியோடு வருகிறார். வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும் அயோத்திதாசர் முதல் பெரியார் வரை எழுதிய பெரிய நூலின் தலைப்பில் இருக்கும் சொல் ‘மில்லேனியம்’. கெயில் ஓம்வெட், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர்கள் கண்ட நல்லுலகத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பில் இருப்பது ‘பேகம்புரா’. இந்தச் சாவிகள் தெரியாதவருக்கு இந்தியாவில் உட்டோப்பியச் சிந்தனையே இல்லை என்று தோன்றும். அப்படியே எழுதியும் விடுவார்கள். ‘கேம்பிரிட்ஜ் கம்பேனியன்’ வரிசையில் உட்டோப்பிய இலக்கியத்துக்கென்று 2010-இல் வந்த தொகுதியில், மேற்கு அல்லாத மரபுகள் பற்றி ஜாக்குலின் டட்டன் எழுதிய அத்தியாயத்தை, இப்படி எழுத வருகிறவர்களிடம் முதலில் கொடுத்துவிடுவேன்.

அணுகல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்-லிஸ்ட் மின்னிதழ்ச் சேவை இருக்கும் கல்லூரி என்றால் நூலகரிடம் ஐடி கேளுங்கள். பாஸ்வேர்டு மெயில் ஸ்பாமில் கிடக்கும், அங்கே பாருங்கள். அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்திருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் உண்டு. ஜேஸ்டோரில் தனி ஆளாகக் கணக்குத் தொடங்கினாலே மாதம் 100 கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம், ‘உட்டோப்பியன் ஸ்டடீஸ்’ அங்கே இருக்கிறது. எதுவும் நடக்கவில்லையா, கட்டுரை எழுதியவருக்கே நாலு வரி மெயில் போடுங்கள். “அமெரிக்கால இருக்கிற புரொஃபசர் எனக்கெல்லாம் பதில் போடுவாரா சார்?” என்று தயங்கிய பையனுக்கு மறுநாள் காலையில் பிடிஎஃப் வந்திருந்தது. கூடவே, உன் ஆய்வு முடிந்ததும் எனக்கும் அனுப்பு என்று ஒரு வரி. அந்தப் பையன் அன்று முழுக்க மெயிலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

ஷோத்கங்காவைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் குவிந்திருக்கும் அருமையான இடம் அது. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போங்கள். துணைநூற் பட்டியலை அப்படியே அள்ளிக்கொண்டு வரப் போகாதீர்கள். ஒரு ஆய்வேட்டில் விழுந்த எழுத்துப்பிழை அடுத்ததிலும் அதற்கடுத்ததிலும் அப்படியே வருவதைப் பார்த்தால், யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று வம்சாவளியே போட்டுவிடலாம். வெளித்தேர்வாளர்களும் போடுவார்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய ரெஃபரன்ஸ் பட்டியலோடு வருகிறார்கள். பார்க்க வெகு அழகாக இருக்கும். ஆசிரியர் பெயர் உண்மை, இதழ் உண்மை, தலைப்பு அந்த ஆசிரியர் எழுதியிருக்கக்கூடியது மாதிரியே இருக்கும். கட்டுரை மட்டும் உலகத்தில் கிடையாது. இதைப் பிடிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ‘உட்டோப்பியன் ஸ்டடீஸ்’ இதழின் தொகுதி எண்ணோடு 1989-ஐக் கூட்டினால் ஆண்டு வர வேண்டும். ஐந்தாம் தொகுதி 1994. முப்பத்தொன்று என்றால் 2020. பட்டியலில் பதினெட்டாம் தொகுதி, 2003 என்று இருந்தால் அங்கேயே கோடு போட்டு அடித்துவிடலாம். கணக்கு சரியாக வந்தாலும் விடக்கூடாது. ஜேஸ்டோரில் அந்த இதழின் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, பக்க எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். “தலைப்பு நல்லாதான சார் இருக்கு” என்று ஒரு மாணவர் வருத்தப்பட்டார். நல்லாத்தான் இருக்கு தம்பி, நீயே எழுதிடு என்றேன்.

இரண்டே நாளில் மதிப்பாய்வு செய்து வெளியிடுவதாகச் சொல்லிச் சில ஆயிரம் கேட்கும் இதழ்கள் இன்னொரு பக்கம். பெயரில் ‘இன்டர்நேஷனல்’ என்று இருக்கும், முகவரி தேடினால் ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடி. இந்தத் துறைக்கு ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ 1959-இலிருந்தும், ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்’ 1973-இலிருந்தும் வருகின்றன. பின்னது 2016-இல் இந்திய அறிபுனைவுக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. இவற்றில் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படிப்பது, அந்த மாதிரி இதழ்களில் ஐந்தைக் காசு கொடுத்துப் போடுவதைவிட மேல். வேலைவாய்ப்பு மதிப்பெண் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும்.

தமிழ் டிஸ்டோப்பியாவுக்கு வந்தால் நிலைமை வேறு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அதில் வந்தது எதிர்காலம், இன்று நமக்கு அது கடந்த காலம். குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர், அரசாங்கம் சொன்ன வயது வரை ஆயுள், ஜீவா என்ற சர்வாதிகாரி, ஜீனோ என்ற இயந்திர நாய். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யில் ஆட்டுக்குக் காது குத்தி அடையாளம் போட அரசாங்க வாசலில் வரிசை நிற்கிறது. ஆங்கிலத்தில் வந்ததால் ‘பூனாச்சி’க்குக் கட்டுரைகள் கிடைக்கின்றன, ‘இயந்திரா’வுக்குத் தேட வேண்டியிருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை இல்லை என்று நாவலையே விட்டுவிடுகிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வரும். கட்டுரை குறைவாக இருக்கும் இடத்தில்தானே ஆய்வு செய்ய வேண்டும்? நூலும் இதழும் தேட தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும், 1827-இல் தொடங்கிய ரொமேன் ரோலண்ட் நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வீட்டிலிருந்தே திறக்கும்.

இந்த வட்டாரத்துத் தமிழ், ஆங்கிலத் துறை ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. சார்ஜென்ட் ஆங்கிலத்துக்குச் செய்ததைத் தமிழுக்கு நாம் செய்யலாம். ‘ஞானரதம்’, ‘இனிவரும் உலகம்’, மு.வ.வின் ‘கி.பி. 2000’, ‘என் இனிய இயந்திரா’ என்று தொடங்கி, கனவு உலகத்தையோ கெட்ட உலகத்தையோ எழுதிய தமிழ்ப் படைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, முதலில் வந்த இதழ், இப்போது பிரதி கிடைக்கும் நூலகம், இரண்டு வரிக் குறிப்பு. தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. முதுகலை மாணவர்களின் புராஜெக்ட்டாகவே இதைக் கொடுக்கலாம், ஆளுக்கு ஒரு பகுதி. மணிக்கொடி காலத்துச் சிறுகதைகளை ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும், திராவிட இயக்க இதழ்களை ஒருவர், விகடன், கல்கி தொடர்கதைகளை இன்னொருவர். எங்கள் நூலகத்தில் அதற்கென்று ஒரு பதிவேடு திறந்து வைத்திருக்கிறேன். வேலை நாட்களில் வந்தால் எடுத்துத் தருவேன்.